வாலில் வெட்டுப்பட்ட புலி

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதற்குப் பாதிக் காரணம் புளி. "வீட்ல ஒரு பழைய காசு இருக்கு டீச்சர், வந்து பாருங்களேன்" என்று யாராவது கூப்பிடுவார்கள். போனால் காசு நேற்று அடித்ததுபோல் பளபளக்கும். "நீங்க வர்றீங்கன்னு புளி போட்டு நல்லா தேச்சு வச்சிருக்கேன்" என்பார்கள், முகமெல்லாம் சிரிப்பாக. காலமும் காற்றும் சேர்ந்து பூசிய நிறத்தைக் குத்துவிளக்கு தேய்க்கும் கையால் ஐந்து நிமிடத்தில் வழித்து எடுத்திருப்பார்கள். நான் எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அப்புறம் அந்த வீட்டுக் கொலுவுக்கு எனக்கு அழைப்பு வராது.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது காசு பார்க்கிறேன். அரிய நாணயம் வைத்திருப்பவர்கள் அது உண்மையா, போலியா, உண்மையென்றால் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பெயரை எடுத்துவிட்டு ஓர் எண்ணைப் போட்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் எங்கள் மூன்று பேருக்கும் ஒருவர் மாற்றி ஒருவராகக் காசை அனுப்புவார்கள். மற்ற இருவர் யார் என்று எனக்குத் தெரியாது. காசு யாருடையது என்றும் தெரியக்கூடாது. கல்லூரியில் பெயர் மறைத்து விடைத்தாள் கொடுப்பார்களே, அந்த மாதிரி. எழுபதுக்கு மதிப்பெண் போட்டு, கீழே இரண்டு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். காசின் சொந்தக்காரர் முகத்தை நான் பார்க்க வேண்டியதே இல்லை. என் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

ஆனால் இதெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போட்ட ஏற்பாடு. ஸ்ரீரங்கத்தில் எதையும் மறைக்க முடியாது. நான் வாங்கும் கத்தரிக்காயைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று காய்கறிக்காரம்மா சொல்லிவிடுவார்.

என் நண்பர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். இன்னொருவர் பெரிய கடைவீதிப் பக்கம் அத்தர் கடை வைத்திருக்கும் பாய். இருவருக்கும் காசுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். என் கணவர் காபி போட்டுக் கொடுப்பார். அந்தக் காபிக்காகத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இந்தச் சேகரிப்பாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாந்தரமான காசுகளை எல்லோருக்கும் காட்டுவார்கள். ஆல்பத்தைத் திறந்தால் மூட மாட்டார்கள். ஆனால் இருப்பதிலேயே நல்ல காசை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டார்கள். கண் பட்டுவிடும். பிள்ளையைப் பெற்றவள் கன்னத்தில் மை வைப்பாள், வீடு கட்டுகிறவர் வாசலில் பூசணிக்காய் கட்டுவார். காசு சேர்ப்பவர் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைப்பார். சொத்து இருப்பது மனைவிக்குக்கூடத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மனைவிகளுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணாவின் மனைவி முருங்கைக்காய்க் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

"டீச்சர், அவரு ஒரு காசு வாங்கியிருக்காரு."

"அக்கா, சொல்லாதீங்க. எனக்குத் தெரியக்கூடாது."

"ஏதோ சோழர் காலத்து வெள்ளிக் காசாம். புலி போட்டது. பெங்களூருக்கு அனுப்பியிருக்காரு."

"அக்கா."

"நான் உங்ககிட்ட எதுவும் கேக்கலையே. சும்மா பேசிக்கிட்டிருக்கேன். அடுத்த மாசம் காசுக் கண்காட்சி வருதுல்ல, அதுல நடு மேஜையில இதைத்தான் வைக்கப்போறாராம். இதுவரைக்கும் யாரும் பார்க்காத காசு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. வீட்ல நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். உடனே கோயிலுக்குப் போயி, இந்தக் காசு பொய்யின்னா இனிமே ஜென்மத்துக்கும் காசு வாங்க மாட்டேன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டு வந்து நிக்கிறாரு."

எனக்குள் கணக்கு ஓடியது. போலியென்றால் அந்த அம்மாவுக்கு நல்ல காலம் பிறக்கும், போலி என்று எழுதிவிடுங்கள் என்று சொல்ல வந்திருக்கிறார், நான் எப்படி மறுப்பது என்று நினைத்துக்கொண்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரிட்டயர் ஆன புதுசுல அவரு எப்படி இருந்தாருன்னு நீங்க பார்த்ததில்ல டீச்சர். காலையில குளிச்சுட்டு வந்து டிபன் பாக்ஸைக் கேப்பாரு. கேட்டுட்டு, ஞாபகம் வந்து, அப்படியே நாற்காலியில உக்காந்துடுவாரு. சாப்பாடு இறங்காது. பேச்சு கிடையாது. இந்தக் காசுப் பைத்தியம் வந்தப்புறம்தான் மனுஷனா ஆனாரு. திட்டுறது நான்தான். ஆனா அவரு விட்டுடக் கூடாது. பெருமாள்கிட்ட சொன்ன வார்த்தைய அவரு மீற மாட்டாரு, அது எனக்குத் தெரியும்."

அவர் கட்டைப் பிரித்து முருங்கைக்காயை எண்ணாமல் என் மடியில் வைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்து பெங்களூரிலிருந்து பெட்டி வந்தது. அதில் சோழர் காலத்து வெள்ளிக் காசு. உட்கார்ந்த புலி, எதிரே இரட்டை மீன், மேலே குடை. செம்பில் இந்த மாதிரி நிறையக் கிடைக்கும். வெள்ளியில், இந்த அமைப்பில் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அண்ணாவின் காசுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். சொந்தக்காரர் போட்டு அனுப்பிய உள்ளுறையை எடுத்ததும் மல்லிகை அத்தர் வாசனை மேஜை முழுக்கப் பரவியது.

எண் போட்டு மறைத்திருக்கிறார்களாம். பாய் தன் வீட்டு விலாசத்தை எழுதி அனுப்பியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. பாயிடமும் ஒரு புலி இருந்திருக்கிறது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாயைத் திறந்ததில்லை.

காசு நன்றாகவே இருந்தது. எடை சரி. வெள்ளி சரி. குழிவுகளில் அழுக்கு அழகாக உட்கார்ந்திருந்தது. புலியின் வாலில் ஓர் உளி வெட்டு. அந்தக் காலத்தில் உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்க்க வணிகர்கள் காசைக் கொஞ்சம் வெட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட வெட்டுகள் மிகவும் பிடிக்கும். யாரோ ஒருத்தர் சந்தேகப்பட்டிருக்கிறார் என்று தெரியும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருக்கும்.

வெட்டைத்தான் வெகு நேரம் பார்த்தேன். உளி இறங்கினால் ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும். இதில் ஓரம் லேசாக மழுங்கியிருந்தது. நிறையக் கைமாறிய காசென்றால் அப்படி மழுங்கலாம்தான். இது உண்மையாக இருக்க வேண்டும் என்று என் மனசு கெஞ்சியது. கெஞ்சுகிற மனசோடு மதிப்பெண் போடக்கூடாது என்று உறையில் போட்டு மூடி வைத்தேன்.

நான்கு நாளில் இரண்டாவது பெட்டி வந்தது. அதன் உள்ளுறை கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது. மூலையில் மஞ்சள் தடவியது அப்படியே இருந்தது. இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் காசுக்கு உறை செய்கிறவர் ஒருத்தர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்துத்தான் வெட்டுவார்.

அதற்குள்ளும் அதே புலி. வாலில் அதே வெட்டு.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரே அச்சில் அடித்த காசுகள் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் வெட்டு அச்சில் வந்ததல்ல, பிறகு கையில் பட்டது. முழங்காலில் விழுந்த தழும்பு அண்ணன் தம்பிக்குக்கூட ஒரே இடத்தில் இருக்காது. இரண்டு காசில் ஒரே வெட்டு, ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் இருந்தால் இரண்டையும் ஏதோ ஒரு காசிலிருந்து அச்சு எடுத்து உருக்கி வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாய்க் காசு இந்த இரண்டில் ஒன்றாக இருக்கக் கூடாதா என்று நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் புலியின் வயிற்றுக்கடியில் வார்ப்பில் மட்டும் வரும் குமிழித் துளைகள், ஊசிமுனை அளவுக்கு. விளிம்பில், வார்ப்பின் ஒட்டுக் கோட்டை மறைக்க அரம் போட்ட தடம்.

இரண்டு தாளிலும் ஒன்றையே எழுதினேன். போலி, வார்ப்பு. அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று என் கணவர் சொன்னார். சமைத்தவர் அவர்தான் என்பது எங்கள் இருவருக்குமே கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். முடிவு பெங்களூரில் இருந்தது. இரண்டு பேரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன அண்ணே, புதுசா ஏதாவது வந்துச்சா?" என்றார் பாய்.

"நமக்கு எது பாய் புதுசு. எல்லாம் பழசுதான்."

"நடு மேஜை உங்களுக்காமே. என்ன வைக்கப்போறீங்க?"

"வைக்கும்போது பாருங்க. உங்ககிட்ட அந்த மாதிரி ஒண்ணு இருக்கா?"

"என்கிட்ட என்ன இருக்கு. ஓட்டைக் காலணாதான் இருக்கு."

இருவரும் ரகசியத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, வெற்றிலை போட்டவர்கள் மாதிரி கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு நாள் ஒருத்தர் காசை ஒருத்தருக்குக் காட்டியிருந்தால் வாங்கிய வாரத்திலேயே விஷயம் உடைந்திருக்கும். கண் படும், கண் படும் என்று ஒளித்து வைத்து, பட வேண்டிய கண்ணையும் படவிடாமல் செய்துவிட்டார்களே என்று எரிச்சலாக இருந்தது. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா போன் செய்தார்.

"தபால் வந்துருச்சு. பெட்டியெல்லாம் பூட்டி பரண்ல போட்டுட்டாரு. நடு மேஜைய வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டாரு. சத்தமே இல்ல டீச்சர். நாற்காலியில உக்காந்திருக்காரு."

எந்த நாற்காலி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மனசு சரியில்லாதவர் வீட்டுக்கு நண்பர் ஒருவர் வந்து போகட்டும் என்று சொல்ல பெங்களூர்க்காரர்களின் அனுமதி எதற்கு?

"பாயை வரச் சொல்லுங்க அக்கா. வந்து பேசிக்கிட்டிருக்கட்டும்."

பிறகு நடந்ததை அக்கா எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளம் கூடுகிறது. பாய் வந்தாராம். அவருக்கும் அதே நாள் தபால் வந்திருந்தது என்பது அக்காவுக்குத் தெரியாது. ஆறுதல் சொல்ல வந்தவர் அண்ணாவைவிட மோசமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். ஒருத்தர் மின்விசிறியைப் பார்க்க, இன்னொருத்தர் தரையைப் பார்க்க, டீ ஆறிப்போனது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பொய்ப் புலிக்கு இப்படி எழவு வீடு மாதிரி உக்காரணுமா?"

பாய் நிமிர்ந்தார்.

"புலியா? எந்தப் புலி அண்ணே?"

அக்காதான் பத்திரிகை உறையைக் கொண்டுவந்து பாய் கையில் கொடுத்தார். பாய் லென்ஸை வைத்துப் பார்த்தார். வால் வந்ததும் லென்ஸ் நின்றது. சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அண்ணாவின் புலிக்குப் பக்கத்தில் தன் புலியை வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் எழுந்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறி எட்டிப் பார்த்தார் என்கிறார் அக்கா. சுவர் ஏறினார் என்பது சமீபத்தில் சேர்ந்தது.

"வித்தவன் உங்ககிட்டயும் கண்ணு படும், யாருக்கும் காட்டாதீங்கன்னு சொன்னானா?" என்று கேட்டாராம் அண்ணா.

"சுத்திப் போடச் சொன்னான் அண்ணே. சுத்தியும் போட்டேன்."

ஏமாந்ததில் ஒரு கூட்டாளி கிடைத்ததும் அண்ணாவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. நடு மேஜையை விட்டுக் கொடுப்பதாக இல்லை என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார். என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை மட்டும் இருவரும் இன்றுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கண்காட்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நடு மேஜையில் நீல வெல்வெட் விரித்து, இரண்டு புலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு லென்ஸும் வைத்திருந்தார்கள். மேலே பாயின் கையெழுத்தில் ஓர் அட்டை: "உலகத்திலேயே ஒரே ஒரு காசு. இங்கே இரண்டு." கீழே அண்ணா, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வெட்டின் ஓரம், குமிழி, அரத் தடம் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருந்தார். பணிமனையில் வரைபடம் பார்த்தவர் அல்லவா, எனக்கே பாடம் நடத்தலாம் போலிருந்தது. அவ்வளவு உண்மையான காசுகள் இருந்த மண்டபத்தில் கூட்டம் முழுக்க அந்த மேஜையில்தான்.

காலையில் துறையூரிலிருந்து வந்திருந்த ஜவுளி வியாபாரி ஒருவர் லென்ஸில் குனிந்தார். நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. விறுவிறுவென்று வெளியே போனார். சாப்பாட்டு நேரம் முடிந்து திரும்பி வந்தவர் கையில் மடித்த கைக்குட்டை. அதைப் பிரித்தால் மூன்றாவது புலி. வால், வெட்டு எல்லாம் கச்சிதம்.

அவர் தலை குனிந்தே நின்றார். காசின் கதையை மட்டுமே எழுதிப் பழகியவள் நான். போலி என்று நான் எழுதும் சொல் போய்ச் சேரும் முகத்தை அன்றுதான் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. அண்ணா மேஜையைச் சுற்றி வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. நாங்க ரெண்டு பேரும் உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

துறையூர்க்காரர் உட்கார்ந்தார். பாய் அவர் கைக்குட்டையில் ஒரு சொட்டு அத்தர் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் விற்றவன் எப்படிப் பேசினான் என்று ஒருவர் மாற்றி ஒருவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மிளகாயைத்தான் அரைத்திருக்கிறான். அவன் போன் அணைந்தே கிடந்தது. மறுநாள் எல்லோரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தார்கள். போலீஸ்காரரும் லென்ஸ் கேட்டாராம்.

சாயங்காலம் மேஜைகளை மடக்கும் நேரத்தில் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வெகு நேரமாகத் தூணோரம் நின்றிருந்தார். பையிலிருந்து ஒரு காசை எடுத்து அண்ணாவிடம் நீட்டினார். புலி இல்லை. வேறேதோ அரசர் காலத்துக் காசுபோல வார்த்த, வேறொரு போலி.

"ரொம்ப நாளா வீட்ல கிடக்குங்க. எனக்குப் பார்த்தாலே வயித்தெரிச்சலா இருக்கும். இன்னிக்கு உங்க மேஜையப் பார்த்தப்புறம் சிரிப்புதான் வருது. நீங்க வச்சுக்குங்க. பணமெல்லாம் வேணாம்."

அண்ணாவின் கண் அந்தக் காசின் மேலேயே இருந்தது. கை மட்டும் வேட்டி மடிப்பை விட்டு வரவில்லை.

"இல்லீங்க. இனிமே காசு வாங்க மாட்டேன்னு பெருமாள்கிட்ட சொல்லியிருக்கேன்."

பட்டறைக்காரர் நீட்டிய கையோடு நின்றார். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சாமி விஷயத்தில் அவர் குறுக்கே பேச மாட்டார். வெல்வெட்டை மடித்துக்கொண்டிருந்த அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"காசு வாங்க மாட்டேன்னுதானே சொன்னீங்க," என்றார், துணியைப் பார்த்துக்கொண்டே. "இது எங்க காசு? பொய்யின்னா அது காசில்லன்னு பெங்களூர்லேர்ந்தே எழுதி வந்துச்சே. யாரு எழுதினாங்களோ, தெரிஞ்சவங்கதான் எழுதியிருப்பாங்க. கொடுக்கிறதை வாங்கிக்குங்க. நாளைக்குப் பெட்டிய இறக்குங்க, பரண்ல கரப்பான் ஏறப்போகுது."

என் பக்கம் அவர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. என் ரகசியத்தை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றினார்.

அண்ணா ஒரு நிமிடம் யோசித்தார். பெருமாளிடம் சொன்ன வார்த்தையை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், உதடு அசைந்தது. பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அந்தப் போலியை வாங்கி, விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், "பாய், லென்ஸ் எங்க? விளிம்பப் பாருங்க, அரம் போடவே இல்ல" என்று கூப்பிட்டார். பாயும் துறையூர்க்காரரும் ஓடினார்கள்.

அக்கா வெல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை டீச்சர்," என்றார். "உங்க வீட்டுக்கு வந்துடுவாரு. சீக்கிரம் அனுப்பிடாதீங்க."